எட்டாம் வசனத்துக்குப் பிறகு

யாராவது அவர் முன்னால் "பைபிள்ல சொல்லியிருக்கு" என்று ஆரம்பித்தால் போதும், அவருடைய வலது கை தானாகக் கைப்பைக்குள் போகும். முதலில் மூக்குக்கண்ணாடி வெளியே வரும். அடுத்து ஓர் அடி ஸ்கேல். கடைசியில் பைபிள்.

"எந்த இடத்துல?" என்பார்.

குரலில் சண்டையோ கேலியோ இருக்காது. தபால்காரர் கதவு நம்பர் கேட்பது போல இருக்கும். சொன்னவர் அதிகாரம் தெரியாமல் விழித்தால் அவரே தேடி எடுப்பார். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, உதடு மட்டும் அசைய ஒருமுறை படிப்பார். பிறகு அதற்கு முன்னால் நாலு வசனம், பின்னால் நாலு வசனம். அதற்குள் எதிரில் இருப்பவர் தான் என்ன சொல்ல வந்தோம் என்பதை மறந்திருப்பார், அல்லது எழுந்து போயிருப்பார்.

சபையில் எல்லாரும் அவரைக் கோர்ட் அக்கா என்போம். கடலூர் கோர்ட்டில் நகல் பிரிவில் இருந்தார். தீர்ப்பின் நகல் கேட்டு மனு போடுகிறவர்களுக்குக் கொடுக்கும் நகலை, அசலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிற வேலை. ஒருவர் அசலைச் சத்தமாக வாசிப்பார். இவர் நகலின் மேல் ஸ்கேலை வரி வரியாக இறக்கிக்கொண்டே போவார். இருபது வருடத்துக்கு மேல் அதையே செய்த கண். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்வதற்கு முன்பே தப்பைக் கண்டுபிடித்துவிடும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதுப்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். அப்பா கம்மாபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில், பாதிரியார் வராத வாரங்களில் ஆராதனை நடத்தும் உபதேசியாராக இருந்தவர் என்று ஒருமுறை சொன்னார். சொந்தக் கதையாக அவர் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு தடவை சபையில் மூன்று நாள் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்து வந்தது. கர்த்தர் உன்னைக் கைவிடார் என்று பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தோம். டைப் செய்தவர் அந்தப் பழைய தமிழ் புரியாமல், தன் கணக்குக்குத் திருத்திக் "கைவிடுவார்" என்று போட்டுவிட்டார். பாஸ்டர் பார்த்தார், நான் பார்த்தேன், பிரஸ்ஸில் பார்த்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை. அக்கா ஒரு நோட்டீஸைக் கையில் வாங்கினார். முகம் வெளுத்துப் போயிற்று. "பாஸ்டர், இது எத்தினி பேர் கைக்குப் போயிருக்கு?" என்றார். நல்ல வேளை, கட்டு அப்போதுதான் பிரித்திருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க ஹால் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு நோட்டீஸிலும் தப்பை அடித்து மேலே சரியாக எழுதினார். பாஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒரு பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் இருவருக்குள்ளும் அப்போது ஒரு மனத்தாங்கலும் இல்லை.

எங்கள் சபை திருப்பாப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு மாடியில், தகரக் கூரை போட்ட ஹாலில் நடந்தது. நான் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பேக்டரிக்குள் சத்தத்திலேயே இருந்து பழகியவன், அதனால் சபையிலும் எனக்குச் சத்தமான ஜெபம்தான் பிடிக்கும். அக்காவின் ஸ்கேல் எனக்கு எரிச்சல்.

புதன்கிழமை வேதபாடத்தில் ஒருநாள் நானே அவரைக் கேட்டேன். "அக்கா, கடவுள் குடுத்த புஸ்தகத்த நீங்க ஏன் கோர்ட் கட்டு மாதிரி பாக்குறீங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "கடவுள் குடுத்ததுதான் தம்பி. ஆனா அதக் கையால காப்பி எடுத்தது மனுஷங்க. அசல் ஓலை, அசல் சுருள் ஒண்ணும் இன்னிக்கு யார்கிட்டயும் கெடையாது, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஹாலில் யாருக்கும் தெரியாது. சிலர் பாஸ்டரைப் பார்த்தார்கள்.

"பயப்படாதீங்க. ஒரு கேஸ்ல பாத்தேன். நாலு அண்ணன் தம்பி. அப்பா எழுதி வச்ச பாகப்பத்திரம் தொலைஞ்சு போச்சு. ஆளுக்கொரு காப்பி வச்சிருந்தாங்க. நாலையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தா, அப்பா என்னா எழுதினாருன்னு தெரிஞ்சுபோச்சு. ஒருத்தர் காப்பியில எழுத்துப்பிழை. இன்னொருத்தர் காப்பியில மட்டும் கடைசில நாலு வரி ஜாஸ்தி. பைபிளுக்குக் காப்பி ஆயிரக்கணக்குல இருக்கு. அதனாலதான் நான் அத நம்புறேன்."

அந்த நாலு வரி ஜாஸ்தி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்குமோ என்னவோ.

என் மனைவி மலருக்கு அண்ணாகிராமம் பக்கம். முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகுதான் என்னோடு சபைக்கு வர ஆரம்பித்தாள். பதினைந்து வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. தெரிந்துதான் கட்டினேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை. அதை ஒழுங்காகச் சாப்பிட்டதில் மூன்று வருடமாக ஒருமுறைகூட வரவில்லை.

எங்களுக்குக் குழந்தை வேண்டியிருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இந்த மாத்திரையோடு கர்ப்பமானால் குழந்தைக்கு ஆபத்து, வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டும், ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். கல்யாணமாகி நாலு வருடம். மலரின் தங்கைக்கு இரண்டாவது பிறந்திருந்தது. மாதக்கணக்கு என்ற வார்த்தை எங்களுக்கு மலையாகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாஸ்டர் மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துத் தொடர்ந்து மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். விசுவாசிகள் நோயாளிகள் மேல் கைவைத்தால் சொஸ்தமாவார்கள் என்று வருகிற இடம். பாஸ்டர் கெட்டவர் இல்லை. மழைக்காலத்தில் சபையார் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். தான் பேசியதை முழுக்க நம்பித்தான் பேசினார். "ஊன்றுகோலப் புடிச்சிக்கிட்டே நடக்கறவன், நான் சொகமாயிட்டேன்னு எப்பிடிச் சொல்லுவான்?" என்று கேட்டார். மூன்றாவது ஞாயிறு மலரின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். "இன்னா பண்றது?" என்றாள்.

"பாதிய நம்பிக்கிட்டு பாதிய வுடறதுக்குப் பேரு விசுவாசம் இல்ல மலரு."

அவள் அட்டையை என்னிடம் நீட்டினாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் போட்டேன்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. அது முடிந்த ஞாயிறு, கர்த்தர் செய்த நன்மைக்குச் சபை முன்னால் சாட்சி சொல்ல நான் எழுந்தேன். மைக்கைப் பிடித்து, "என் மனைவி மாத்திரைய வுட்டு இருபத்தியொரு நாள் ஆச்சு" என்றேன். ஹால் முழுக்கக் கைதட்டல். டிரம்ஸ்காரர் ஒரு தட்டுத் தட்டினார். மலர் பெண்கள் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டல் அடங்குவதற்குள் மூன்றாவது வரிசையில் கோர்ட் அக்கா எழுந்து நின்றார். அவர் கைப்பையைத் திறக்கவில்லை. அதுவே புதிதாக இருந்தது.

"டாக்டருக்குத் தெரியுமா?" என்றார்.

"பெரிய டாக்டர் பாத்துக்கறாரு" என்றேன். மறுபடியும் கைதட்டினார்கள்.

"சிஸ்டர், உக்காருங்க. அப்புறம் பேசலாம்" என்றார் பாஸ்டர்.

"அப்புறம் பேச முடியாது பாஸ்டர். எந்த இடத்துல இருக்கு, மாத்திரைய வுடணும்னு? நீங்க படிச்ச வசனத்துல கை வைக்கிறது இருக்கு. சொஸ்தமாகறது இருக்கு. மாத்திரை எங்க இருக்கு? அதே வரிசைல பாம்ப எடுக்கறதும் இருக்கு, வெஷம் குடிக்கறதும் இருக்கு. அதுக்கும் இங்க யாராவது சாட்சி சொல்லப் போறாங்களா?"

பாஸ்டரின் கழுத்தில் வியர்வை இறங்கியது. என் காதெல்லாம் சூடாகி, மைக்கை வாயருகிலேயே வைத்துக்கொண்டு கத்தினேன். "ஒங்களுக்குப் புருஷனும் இல்ல, புள்ளயும் இல்ல. எங்க வேதன ஒங்களுக்கு இன்னா தெரியும்?"

அது ஸ்பீக்கர் வழியாகக் கீழே தெருவரைக்கும் போயிருக்கும். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மலரைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஆபீஸ் விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றேன். மலர் எனக்குப் பின்னால் வாசற்படியில்.

"தம்பி, என்ன எவ்ளோ வேணா திட்டு. டாக்டர மட்டும் ஒரு தடவ பாத்துடுங்க. வேற மாத்திரைக்கு மாத்தச் சொன்னாருன்னு மலரு எங்கிட்ட சொல்லியிருக்கா, அதையாவது செய்ங்க."

"எங்க விசுவாசத்தக் கெடுக்காதீங்கக்கா. போங்க."

"இன்னொண்ணு சொல்லணும்" என்றார். கையில் அவருடைய பைபிள் இருந்தது. எப்போதும் கொண்டுவருகிற பழைய மொழிபெயர்ப்பு அல்ல, வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த புதிய மொழிபெயர்ப்பு. நடுவில் ஒரு விரலை வைத்து மூடியிருந்தார். விரலை எடுக்கவில்லை. வாய் இரண்டு முறை திறந்து மூடியது. அப்படித் திக்கி நின்று நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"ஒண்ணும் இல்ல. பத்தரமா இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அடுத்த வாரம் மூப்பர்கள் கூடி, கொஞ்ச நாளைக்குச் சபைக்கு வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதே மாதம் சிதம்பரம் கோர்ட்டுக்கு மாற்றலும் வந்தது. தடையாக இருந்ததைக் கர்த்தரே அப்புறப்படுத்தினார் என்று ஜெபத்தில் நன்றி சொன்னோம். நானும் சொன்னேன்.

மாத்திரையை விட்டு ஏழாவது வாரம். சிதம்பரத்தில் மலரின் அத்தை மகளுக்கு வளைகாப்பு. காலை பஸ்ஸில் கிளம்பினோம். அவளுக்கு ஜன்னல் ஓரத்து சீட் கிடைத்தது. மடியில் வளையல் பெட்டி. புதுச்சத்திரம் தாண்டியதும், "ஏங்க, ஒரு மாதிரி வருது" என்றாள்.

நான் திரும்புவதற்குள் உடம்பு விறைத்துவிட்டது. கண் மேலே சொருகியது. வளையல் பெட்டி விழுந்து கண்ணாடி வளையல்கள் பஸ் தரையெல்லாம் ஓடின. "சாவி குடுங்க, யாராச்சும் சாவி குடுங்க" என்று ஒரு பெரியவர் கத்தினார். யாரோ அவள் கைக்குள் வண்டிச் சாவியைத் திணித்தார்கள். நான் அவள் தலையில் உள்ளங்கையை அழுத்தி அந்த வசனத்தைச் சத்தமாகச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு கட்டத்தில் உதறல் நின்றது. "ஸ்தோத்திரம்" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

அவளுக்கு நினைவு திரும்பவில்லை. அப்படியே இரண்டாவது தடவை ஆரம்பித்தது.

"சார், பையில மாத்திர இருக்கா பாருங்க" என்றார் கண்டக்டர்.

நான் பையைத் திறக்கவே இல்லை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு டிரைவரிடம் ஓடினார். பிறகு பஸ் எங்கும் நிற்கவில்லை. பி.முட்லூரில் கை காட்டிக்கொண்டிருந்தவர்களை விட்டுப் போனது. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் மூன்றாவது வந்தது. உதடு நீலமாகியிருந்தது. என் வாயில் வசனம் நின்றுபோயிருந்தது. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். எமர்ஜென்சியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். ஊசி போட்டுக்கொண்டே கேட்டார். "ஏற்கெனவே வலிப்பு உண்டா? மாத்திரை சாப்பிடறாங்களா?"

"உண்டு. சாப்பிடறாங்க."

"ரெகுலராவா? ஒரு வேளைகூட விடாம?"

"ஆமா."

அந்தப் பொய்யை விசுவாசத்தால் சொன்னேனா, பயத்தால் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டாக்டரின் முகம் மாறியது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி அடுத்தடுத்து வருகிறது என்றால் தலைக்குள் ரத்தக்கசிவோ கட்டியோ இருக்கலாம், அதற்கான வசதி இங்கே இல்லை, உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். "வழியில திரும்ப வந்தா கஷ்டம். ஆனா வேற வழியில்ல." ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அத்தை வீட்டுக்குப் போன் போடக் கை வரவில்லை. மலரின் அப்பா அங்கே இருப்பார். சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்தது வேறு ஒரே ஓர் ஆள்தான். பெயரைத் தேடி அழுத்தினேன். "அக்கா, மலரு" என்றதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார்.

கால் மணி நேரத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தார். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. என்னைத் திட்டவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

நான் சட்டையை அவர் பிடியிலிருந்து விடுவிக்கப் பார்த்தேன்.

"டேய், சொன்னியா இல்லியா?"

"சாப்பிடறான்னு சொல்லிட்டேங்க்கா."

அவர் என்னை விட்டுவிட்டு நேரே உள்ளே போனார். நர்ஸ் தடுத்தார். "மாத்திர நிறுத்தி ஏழு வாரம் ஆச்சு டாக்டர். அவரு சொன்னது தப்பு" என்று அக்கா கதவிலிருந்தே உரக்கச் சொன்னார். எந்த மாத்திரை, எந்த அளவு என்பதையும் சொன்னார். ஒருமுறை மலரோடு சபைக்கு வந்தபோது அவள் பையிலிருந்த அட்டையைப் படித்திருக்கிறார். கையில் வந்த எதையும் படிக்காமல் விடாதவர்.

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன சார்?" என்றார். பிறகு நர்ஸிடம் ஏதேதோ மருந்தின் பெயர்களைச் சொன்னார். வாசலுக்கு வந்திருந்த ஆம்புலன்ஸைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்குமேல் அவளுக்கு வலிப்பு வரவில்லை. தூங்குகிறாள், விழிக்கட்டும் என்றார்கள்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"அந்த வசனத்தச் சொல்லிக்கிட்டே இருந்தேங்க்கா. பஸ்ஸு பூரா கேக்க சொன்னேன். அப்ப அது பொய்யா?"

அக்கா கைப்பையைத் திறந்தார். அன்று எங்கள் கேட்டுக்கு வெளியே விரல் வைத்து மூடியிருந்த அதே புத்தகம். மாற்குவின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். பக்கத்தின் அடியில் எறும்பு போல ஒரு குறிப்பு. ஒன்பதாம் வசனத்திலிருந்து கடைசிவரை உள்ள பகுதி மிகப் பழமையான கைப்பிரதிகளில் இல்லை என்று அதில் இருந்தது. நான் அதைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பாஸ்டர் மூன்று ஞாயிறு பேசியது, நான் பஸ்ஸில் கத்தியது, எல்லாம் அந்தப் பகுதிக்குள்தான் இருந்தது.

"ரெண்டு வருஷமா தெரியும் எனக்கு" என்றார். "இத மொதல்ல படிச்ச அன்னிக்கு எனக்கு ஜெபம் வரல. ஒரு மாசம் வரல. அப்பறம் ஒக்காந்து பொறுமையா பாத்தேன். அந்தப் பகுதி இல்லாட்டியும் கல்லறை காலியாத்தான் இருக்கு. உயிரோட எழுந்தாருங்கறது அதுக்கு முன்னாடியே இருக்கு. மத்தவங்க எழுதினதுலயும் இருக்கு. என் விசுவாசம் நின்னுச்சு. ஆனா வெளிய சொல்லல."

"ஏன்?"

"சபைல எத்தினியோ பேரு கஷ்டத்துல இருக்காங்க. இத எடுத்துப் படிச்சா, ஒரு வசனம் இப்படின்னா மத்ததெல்லாம் எப்படின்னு கேப்பாங்க. சிலரு போயிடுவாங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்னு இருந்தேன். அன்னிக்கு ஒங்க வூட்டு வாசல்ல சொல்லிடணும்னுதான் வந்தேன். வாய் வரல."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "எல்லாரையும் எந்த இடத்துலன்னு கேப்பீங்களே. இது தெரிஞ்சும் எப்படிக்கா சும்மா இருந்தீங்க?"

அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மடியிலிருந்த பக்கத்தில் எட்டாம் வசனத்தின் மேல் விரலை வைத்தார். கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடிப்போனார்கள், பயந்திருந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்று வருகிற இடம். "பழைய காப்பி இதோட நிக்குது" என்றார். "நானும் இங்கதான் நின்னுட்டேன் தம்பி. என்ன மன்னிச்சிடு."

நான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் குற்றத்தில் பாதியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் உண்மை.

மறுநாள் காலையில் மலர் நன்றாகக் கண் விழித்தாள். நாக்கு கடிபட்டு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. அக்கா கட்டில் ஓரத்தில் நின்று, என்னிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடமும் சொன்னார். அந்தக் குறிப்பையும் காட்டினார். "நான் முன்னாடியே சொல்லியிருந்தா ஒனக்கு இது வந்திருக்காது" என்றார்.

மலர் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லியிருந்தா மட்டும் இவரு கேட்டிருப்பாராக்கும்?" என்றாள். "மாத்திர என் கையிலதாங்க்கா இருந்துச்சு. நானும்தான் குடுத்தேன். எனக்குப் புள்ள வேணும்னு இருந்துச்சு. வசனத்தெல்லாம் நான் பாக்கவே இல்ல."

அதற்கு மேல் அந்த அறையில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்து நான் சபையில் மறுபடியும் மைக்கைக் கேட்டு வாங்கினேன். மாத்திரையைத் தூக்கிப் போட்டதையும், பஸ்ஸில் நடந்ததையும், டாக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். கோர்ட் அக்காவை அன்று அந்த மைக்கில் பேசியதற்கு அதே மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். யாரும் கைதட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் என் தோளைப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பிரதர், மாத்திரைய நிறுத்துங்கன்னு நான் சொல்லவே இல்லியே" என்றார்.

வீடு வரும்வரை யோசித்துப் பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லைதான். ஊன்றுகோல் என்றுதான் சொன்னார். நாங்கள்தான் அதற்குப் பக்கத்தில் மாத்திரையை வைத்துப் படித்துக்கொண்டோம். அது தெரிந்தும் அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்தச் சபைக்கு நாங்கள் பிறகு போகவில்லை.

டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். எட்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு வந்த ஈஸ்டருக்கு மலர் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். அக்கா போன் செய்து, சிதம்பரத்தில் தான் போகிற கிறிஸ்தவக் கோயிலில் அன்றைக்கு வேதபாடம் வாசிக்கத் தன் முறை என்றார். "நீங்க ரெண்டு பேரும் வந்து முன்னாடி ஒக்காருங்க" என்றார். காரணம் சொல்லவில்லை.

பழைய கோயில். மின்விசிறிகள் நீளக் கம்பியில் தொங்கின. வெள்ளைப் புடவையில் அக்கா படியேறி வாசிக்கும் மேடைக்குப் போனார். மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் என்று அறிவித்தார். பெண்கள் வாசனைத் திரவியம் வாங்குவது, கல்லை யார் புரட்டுவார் என்று கவலைப்படுவது, உள்ளே வெள்ளை அங்கி தரித்தவன் உட்கார்ந்திருப்பது, எல்லாவற்றையும் அவருடைய கோர்ட் குரலில் ஒரே சீராகப் படித்தார். எட்டாம் வசனத்தில் பெண்கள் பயந்து ஓடினார்கள். அங்கே நிறுத்தினார்.

இரண்டு கையாலும் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குனிந்து, பக்கத்தின் அடியில் இருந்த அந்தச் சின்னக் குறிப்பை, அதே குரலில், முழுதாக வாசித்தார்.

அந்தக் கோயில் பாதிரியாரான ஐயர் சட்டென்று நிமிர்ந்தார். எங்களுக்கு முன்னால் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் "இதெல்லாமா படிப்பாங்க?" என்று கேட்டார். பின்னால் ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது, யாரோ எழுந்து வெளியே போகிற செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா தலையைத் தூக்கவில்லை. அடுத்த வரிக்குப் போகவும் இல்லை. அவர் மேல் உதட்டில் வியர்வை அரும்புவதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

மலருக்குக் கோயில் முறை இன்னும் சரியாகப் பிடிபடாது. எல்லாரும் எழுந்தபின் எழுவாள், எல்லாரும் சொன்னபின் சொல்வாள். அன்று அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, அந்தக் கோயில் முழுக்கக் கேட்கும்படி, "ஆமென்" என்றாள்.

அக்கா ஒரு மூச்சை இழுத்து விட்டுவிட்டு, ஒன்பதாம் வசனத்தைப் படிக்க ஆரம்பித்தார்.